மஞ்சள் புள்ளி

பச்சை என்றால் வண்டி ஓடுகிறது.
சிவப்பு என்றால் சாவி அணைந்துவிட்டது.
இரண்டுக்கும் நடுவில் மஞ்சள்:
சக்கரம் நிற்கும், எஞ்சின் நிற்காது.
அந்த மஞ்சளைக் குறைக்கத்தான் எனக்குச் சம்பளம்.

மணலியில், டயர் கடை மாடியில்,
பதினோரு டிரெய்லரின் டீசல் கணக்கு என்னிடம்.
அறையில் ஏசி இருக்கிறது.
அது எத்தனை யூனிட் குடிக்கிறதென்று
இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

திங்கள் இரவு ஏகாம்பரத்தின் வண்டி
எர்ணாவூர் மேம்பாலத்துக்கு இந்தப் பக்கமே
துறைமுக க்யூவில் மாட்டி
ஆறு மணி நாற்பது நிமிஷம் மஞ்சள்.

போன் போட்டேன்.
"என்னா மேடம் பண்ண சொல்ற?
முன்னால வண்டி நகந்தா நகரணும்,
நடுவுல கண்ண மூடணும்.
ஏசிய நிறுத்துனா கேபின்ல வேர்க்கடல வறுக்கலாம்.
கண்ணாடிய எறக்குனா கொசு,
அதுக்கு மேல மணலி காத்து.
நீயே வந்து ஒரு ராத்திரி படுத்துப் பாரேன்."

நான் போகவில்லை. கணக்குப் போட்டேன்.

மணிக்கு இரண்டரை லிட்டர்.
ஒரு ராத்திரிக்குப் பதினாறு லிட்டர் சொச்சம்,
ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது ரூபாய்.
நாற்பது டன் இழுக்கப் பிறந்த எஞ்சின்
ஒரு மனுஷனின் கழுத்து வியர்வையை ஆற்ற
விடிய விடிய உறுமுகிறது,
ஒரு டம்ளர் சாறுக்காக
முழுக் கரும்பாலையையும் ஓட்டுவதுபோல.

அம்பத்தூரிலிருந்து ஒருவர் விலைப்பட்டியல் கொண்டுவந்தார்.
கேபினுக்குப் பின்னால் பெட்டி அளவில் குட்டி எஞ்சின்.
ஏசியை மட்டும் ஓட்டும்.
மணிக்கு அரை லிட்டர்.
ஒன்றின் விலை ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம்.
வாரம் மூன்று ராத்திரி க்யூ என்று வைத்தால்
ஒரே வருஷத்தில் போட்ட காசு கைக்கு வந்துவிடும்.
இரண்டு முறை கூட்டிப் பார்த்து,
பெருக்கியும் பார்த்து,
அடியில் கோடு கிழித்து நீட்டினேன்.

கிளமெண்ட் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"வருஷமா? அதுக்குள்ள நான் வண்டிய வித்துட்டா?"
தாளை மடித்து விசிறிக்கொண்டார்.
"செலவே இல்லாத வழி ஒண்ணு இருக்கு.
மஞ்சள் ஒரு மணி நேரம் தாண்டினா
பேட்டால புடி."

நான்தான் எல்லோருக்கும் அந்த மெசேஜை அனுப்பினேன்.
ஏகாம்பரம் கட்டைவிரல் ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.

வியாழன் இரவு வீட்டில் தூக்கம் வரவில்லை.
மின்விசிறிக்கு அடியில் படுத்து
செல்போனில் வரைபடத்தைத் திறந்தேன்.
அதே மேம்பாலம். அதே வரிசை.
ஒன்று பத்துக்குச் சிவப்பு.
ஒன்று ஐம்பதுக்கு மஞ்சள்.
எட்டே நிமிஷம், மறுபடி சிவப்பு.
இரண்டரைக்கு மஞ்சள்.
மூன்றேகாலுக்கு,
மூன்று ஐம்பத்தைந்துக்கு.

அப்போதுதான் புரிந்தது,
நான் பார்த்துக்கொண்டிருப்பது டீசலை அல்ல.
ஓர் ஆள் எப்போது நனைந்து எழுந்தார்,
எப்போது சாவியைத் திருகினார்,
நிமிஷத்தை எண்ணிக்கொண்டே எப்போது அணைத்தார்,
எல்லாம் என் உள்ளங்கையில் மினுக்கிக்கொண்டிருந்தது.
அவர் மனைவிக்குக்கூடத் தெரியாத ஒன்று.
திரையைக் கவிழ்த்து வைத்தேன்.
கொஞ்சநேரம் கழித்து மறுபடி எடுத்தேன்.

வெள்ளி காலை அறிக்கை:
மஞ்சள் ஐம்பது நிமிஷம். டீசல் இரண்டு லிட்டர்.
"பாத்தியா?" என்றார் கிளமெண்ட் சார்.

ஆறு மணிக்கு, கேட்டை நெருங்கும்போது,
ஏகாம்பரம் முன்வண்டியில் லேசாக இடித்திருக்கிறார்.
முகப்பு விளக்கு, பம்பர், அவன் கேட்ட நஷ்டம்:
பதினோராயிரத்து எழுநூறு.

அதை மராமத்துப் பேரேட்டில் எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும்
பேனா நின்றது,
மை நிற்கவில்லை,
ஒரே இடத்தில் ஊறிக்கொண்டிருந்தது.