உப்புக்கண்டம்

செவ்வாய் இரவு
சுப்பீரியர் ஏரியிலிருந்து எழுந்த காற்று
ஹான்காக் ஊரின் மின்கம்பங்களை
வரிசையாகச் சாய்த்துவிட்டுப் போனது.
விளக்குக்கு மெழுகுவர்த்தி இருந்தது.
அடுப்புக்கு விறகு இருந்தது.
என் முதுகுக்கு?

இடுப்புக்குக் கீழே இடதுபுறம்
தோலுக்கடியில் ஒரு சின்னப் பெட்டி.
அதிலிருந்து இரண்டு கம்பிகள்
தண்டுவடத்தின் ஓரமாக ஏறிப் படுத்திருக்கின்றன.
கூரைப் பனியைத் தள்ளப் போய் விழுந்த மார்ச் மாதத்துக்கும்
பலிக்காத இரண்டு அறுவைகளுக்கும் பிறகு
கிடைத்தது இது.
வலியை எடுத்துவிடாது.
பக்கத்து வீட்டுச் சண்டை கேட்காதிருக்க
ரேடியோவைத் திருகி வைப்பதுபோல,
அதன்மேல் ஒரு குறுகுறுப்பை ஓடவிடும்.
சண்டை அங்கே நடந்துகொண்டுதான் இருக்கும்.

இருமினால் சுரீரென்று கால்வரை பாயும்.
கார் ஓட்டுமுன் அணைத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள்.
ஆக, கடைக்குப் போகிற பதினோரு மைலும்
நானும் வலியும் மட்டும்,
முன்சீட்டில் இரண்டுபேர்.

ஞாயிறுதோறும் பெல்ட் கட்டி சார்ஜ் ஏற்றுவேன்.
குறுக்கெழுத்து முடியும்போது பெட்டியும் நிறையும்.
போன ஞாயிறு ஏற்றவில்லை.
நன்றாக இருந்தேன்,
அதுதான் காரணம்.

வியாழன் மதியம்
ரிமோட்டில் கடைசிக் கோடும் அணைந்தது.
முதலில் ஓர் அமைதி,
ரேடியோ நின்ற வீட்டில் இருப்பதுபோல.
பிறகு சண்டை காதில் விழுந்தது,
ஒவ்வொரு சொல்லாக.

எதிர்வீட்டு ரெய்னோவோடு
ஆறு வருஷப் பழக்கம்:
அவர் கை தூக்குவார், நான் கை தூக்குவேன்.
அவர் வீட்டில் ஜெனரேட்டர் ஓடும் சத்தம்
காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி.
சாலையைக் கடக்க நாற்பது அடி.
தபால்பெட்டியைப் பிடித்து நின்று
மறுபடியும் எண்ண ஆரம்பித்தேன்.

கராஜில் பெரிய ஃபிரீசர்.
அதற்குள் இந்த சீசனில் அடித்த மான்.
வெளியில் பனியும் இல்லை, மழைதான்.
பெட்ரோல் பங்கிலும் கரண்ட் இல்லை.
கேனில் மிஞ்சியதை ஆட்டிக் காட்டினார்.
கறிக்கு இரண்டு நாள் வரும்,
இல்லை எனக்கு நான்கு மணி நேரம்.
"வேண்டாம் ரெய்னோ" என்று சொல்ல
வாயைத் திறந்தேன்.
வேறொரு சத்தம் வந்தது.

கேனை அப்படியே கவிழ்த்தார்.

ஸ்வெட்டரைத் தூக்கி பெல்ட் கட்டும்போது
சுவரில் தொங்கிய ஸ்பேனர்களை
வாழ்நாளில் பார்க்காதவர்போல் பார்த்து நின்றார்.
இடம் தப்பினால் சார்ஜர் கத்தும்.
கத்தியது. நகர்த்தினேன். கத்தியது.
"வலப்பக்கமா?" என்றார், ஸ்பேனர்களிடம்.
"இடம்" என்றேன்.

முற்றாக வறண்ட பெட்டி
முதல் ஒரு மணி நேரம் எதையும் காட்டாது.
அந்த ஒரு மணி நேரத்தில்
ரெய்னோ ஒரு பலகையைத் துடைத்தார்,
கத்தியைத் தீட்டினார்,
உப்பும் மிளகும் ஒரு சட்டியில் கொட்டினார்.
என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.
"விறகடுப்பு இருக்கிறது. உப்புக்கண்டம்" என்றார்.
அதைச் செய்ய
நாலு மாதமாகக் காத்திருந்தவர்போல.

மூன்றாம் மணியில் எங்கோ
தொடையில் முதல் எறும்பு ஊர்ந்தது.
பிறகு கூட்டமாக.
நான் அழுதது அப்போதுதான்.
அவர் வெங்காயம் எதையும் வெட்டவில்லை,
சாக்குச் சொல்லவும் வழியில்லை.

எழுபது சதம் ஏறியிருந்தபோது
ஜெனரேட்டர் இரண்டுமுறை விக்கி நின்றது.
மழையின் சத்தம் திரும்பி வந்தது.
பெல்ட்டை அவிழ்த்தேன்.
ஆணியில் இன்னொரு கத்தி தொங்கியது.
ஸ்டூலை இழுத்துப் போட்டு
ஒரு துண்டை எடுத்து அறுத்தேன்.

"மார்லிஸ், இவ்வளவு கனமாக வேண்டாம்" என்றார்.
"காயாது."