மழைக்கு ஒதுக்கியது

ராயென் தீவின் டிஷ் ஆண்டெனா
உச்சிவானத்தைப் பார்ப்பதில்லை.
வடக்கே, குன்றின் தோளுக்குச் சற்று மேலே,
பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல்
தாழ்ந்து நிற்கிறது.
நிலநடுக்கோட்டின் மேல் நின்றுகொண்டிருக்கும்
அந்தச் செயற்கைக்கோளுக்கு
சிலியின் இந்தத் தென்கோடி
தட்டின் விளிம்பில் ஒட்டிய பருக்கை.

கணக்குப் போடும்போதே
மழைக்கென்று ஆறு டெசிபெல் ஒதுக்கியிருந்தேன்.
வேறு ஊர் மழைக்கு அது போதும்.

ஒன்பதாம் நாள் ராத்திரி
மோடம் தன் வேகத்தை இறக்கிக்கொண்டது.
காது மந்தமானவரிடம் பேசுவதுபோல்
நிறுத்தி நிறுத்தி,
சொன்னதையே வேறுவிதமாகத் திரும்பவும் சொல்லி.
நான் பழக்கியதுதான்:
வேகம் போகட்டும், பொருள் போகக் கூடாது.
திங்கள் விடியலில் அதுவும் வாய் மூடியது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரியானா வந்தாள்.
அவள் கம்பளித் தொப்பியிலிருந்து
என் கீபோர்டின்மேல் சொட்டியது.
எலியேசர் தெற்குக் கால்வாயில்,
கடல்முள்ளெலி எடுக்கும் முகாமில்,
ஒரு பகலும் ஓர் இரவும் படகோட்டும் தூரத்தில்.
ஞாயிறன்று 'பையனுக்குக் காய்ச்சல்' என்பது மட்டும்
அவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.
இப்போது அனுப்ப வேண்டியது:
காய்ச்சல் இறங்கிவிட்டது. வராதே.
சரக்குக் கப்பல் வியாழக்கிழமை.

டிஷ் எழுந்ததும் முதல் செய்தி உன்னுடையது என்றேன்.
தலையாட்டிவிட்டுப் போனவள்
துறைமுக வயர்லெஸ்ஸைப் பிடித்தாள்.
செய்தி படகுக்குப் படகு தாவியது.
உள்ளூர் வானொலிக்கும் ஓடினாள்.
அங்கே செனோபியா மாலை ஏழுக்கு
தூரத்துக் கரைகளுக்கான தகவல்களை
மும்மூன்று தடவை வாசிப்பாள்,
மூன்றாவது தடவை மட்டும்
எழுதிக்கொள்பவரின் பென்சில் வேகத்தில்.
அப்புறமும் ஆறாமல்
தாளில் எழுதி ரொட்டிப் பையில் சுற்றி
போர்ஃபியாதா படகில் கொடுத்தனுப்பினாள்.

எங்கள் மொழியில் மறுப்பு ஓரசைச் சொல்.
வினைக்கு முன்னால் தனியாக நிற்கும்.
காற்று முதலில் தூக்கிப் போவது அதைத்தான்.

வயர்லெஸ்ஸில் போய்ச் சேர்ந்தது: வா. வியாழன்.
வானொலியில்: இறங்கிவிட்டது, வராதே, மிச்சமெல்லாம் இரைச்சல்.
நனைந்த தாளில் மை ஊறி
வெள்ளியோ வியாழனோ தெரியவில்லை;
வராதே மட்டும் அழுத்தி எழுதியிருந்தது.

மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதுதான் சரி.
வால்பரைசோவில் இதைப் படிக்க
எனக்கு ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது.

வியாழன் காலை எலியேசர் வந்து இறங்கினான்.

என் அறையில் அப்போது நான்கு விளக்கும் பச்சை.
முதல் நாள் மதியமே இணைப்பு வந்து
அவளுடைய செய்தி பிழையில்லாமல், ஓர் எழுத்தும் சிதறாமல்,
ஆளில்லாத முகாமில் இறங்கியிருந்தது.

"இரண்டு வழியில் வராதே என்றுதானே வந்தது?"
கூடையை இறக்கியபடி சொன்னான்:
"வராதே என்பதை ஒருத்தி
இத்தனை வழியில் சொல்லியனுப்பினால்,
யாஸ்னா, நீயே சொல்லேன்."

ஒரியானா துறையில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.
டீசலுக்கு யார் கொடுப்பது,
போன நாலு நாள் கூலிக்கு யார் பொறுப்பு,
எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதா.
கத்திக்கொண்டே அவன் வீசிய கயிற்றைப் பிடித்து
இரண்டு சுற்றுச் சுற்றினாள்.
பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, இன்னொன்று.

அறிக்கையில் துண்டிப்பு நேரம் எழுதினேன்.
காரணம்: மழை.
'மாற்று வழிகள்' என்ற கட்டம் விரலளவே இருந்தது.
எலியேசர் உடைத்துத் தந்த முள்ளெலியை
ஒரு கையில் ஏந்தியிருந்தேன்.
அதன் முட்கள் இன்னும்,
திசைக்கொன்றாய்,
எதையோ தேடி அசைந்துகொண்டிருந்தன.