வாஷர்

ஷிரே ஆற்றின் கீழ்க்கரையில்
எங்கள் கைப்பம்பு செத்து
இருபது மாதம்.
தண்ணீர்க் கமிட்டிக்கு நான் பொருளாளர்.
வீட்டுக்கு இருநூறு குவாச்சா வாங்கி
பால்பவுடர் டப்பாவில் போட்டு வைப்பவன்.
கணக்குத் தெரிந்தவன் என்று பெயர்.

பம்பைப் பிரிக்கத் தெரிந்தது
ஃபைனெஸ் ஒருத்திக்குத்தான்.
மூன்று நாள் பயிற்சிக்கு வந்த பையன்கள்
முதல்நாள் மதியச் சோற்றோடு போய்விட்டார்கள்.
அவள் இருந்தாள்.
கம்பி கம்பியாய் உருவி மேலே எடுத்து
தேய்ந்த ரப்பர் வாஷரை வெயிலில் தூக்கி
அதன் ஓட்டை வழியே
எங்களைப் பார்த்துச் சிரிப்பாள்.
அரை மணி. பிறகு தண்ணீர்.

ஆறு ஊருக்குள் வந்த வருஷம்
சோளம் போயிற்று, ஆடு போயிற்று,
அவள் அப்பன் சைஸியின் சுவர் போயிற்று.
மிஞ்சியதில் விலை போகக்கூடியது
எட்டாம் வகுப்பில்
இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

நாலு மூட்டை மக்காச்சோளம்,
ஒரு சைக்கிள், பழைய கடன் கழிவு:
பதினாலு வயதை அப்படித்தான் எழுதினோம்.
கையெழுத்து என்னுடையது.
அந்த ஞாயிறு
கோழிக்குழம்பு தொட்டு நானும் களி தின்றேன்.
நன்றாகவே இருந்தது.

மூட்டைகள் தீர்ந்த மாதத்தில்
வாஷர் தேய்ந்தது.
நாங்களே புதிது வாங்கி மாட்டினோம்;
ஒரு வாரம் இருமிவிட்டு நின்றது.

இப்போது பெண்கள் ஆற்றுக்குப் போகிறார்கள்.
போக ஒரு மணி, வாளியோடு திரும்ப ஒன்றரை.
முதலைக்கு அஞ்சிக் கம்புவேலி.
ஏழாம் வகுப்பில் பெண்பிள்ளைகள் பாதிப்பேர் இல்லை.
காலராவில் இரண்டு குழந்தைகள்.
டவுன் மெக்கானிக் நாற்பதாயிரம் கேட்கிறான்,
டப்பாவில் பத்தொன்பது.
தண்ணீர் வராத பம்புக்கு
யார் காசு கொடுப்பார்கள்?

போன வாரம் அவள் புகுந்த ஊருக்குப் போனேன்.
முதுகில் ஒன்று, வயிற்றில் ஒன்று.
அந்த வாஷரை நீட்டினேன்.
வெயிலில் தூக்கவில்லை,
விரலால் ஒருமுறை சுற்றித் தடவினாள்.
"தலைகீழா மாட்டியிருக்கீங்க.
அதான் கிழிஞ்சிருக்கு."
உள்ளேயிருந்து யாரோ அழைத்தார்கள், போய்விட்டாள்.
கூட அனுப்புவார்களா என்று
கேட்கத்தான் போயிருந்தேன்.

நேற்று பிஸிவேக் வந்தான்.
மகளுக்குப் பதின்மூன்று.
"மூணு மூட்டைதான், நீயே எழுதிக் கொடு,
உனக்குத்தான் வாக்கியம் வரும்."
சட்டைப்பையில் கை விட்டேன்.
பேனாவுக்கு முன்னால்
ரப்பர் தட்டுப்பட்டது.