இடப்பக்க மச்சம்

வாடகை சாட்டின் அமலோற்பவத்துக்கு
இரண்டு சுற்று பெரிது.
முதுகில் பதினோரு கிளிப் போட்டு இறுக்கினேன்,
துணி காயப்போடும் கிளிப், நீலமும் மஞ்சளும்.
முன்னாலிருந்து பார்த்தால்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது, ஹாலிவுட்.
பின்னாலிருந்து பார்த்தால்
முத்தியால்பேட்டை மொட்டைமாடி.

துய்மா வீதி வீடு நாலு மணி வரைதான்.
விளக்கை மேலே ஏற்றச் சொன்னான் லியோன்:
மூக்கின் கீழ் நிழல்
வண்ணத்துப்பூச்சியாய் விழவேண்டுமாம்.
விழுந்தது.
மீசை மாதிரி இருந்தது.

அவளுக்கு மச்சம் வலக் கன்னத்தில்.
அவன் கொண்டுவந்த மாதிரிப் படத்திலோ இடப்பக்கம்.
இருந்ததைப் பூசி மறைத்தேன்,
இல்லாததை மைப்பென்சிலால் வைத்தேன்.
"சாமி வச்சதையே இடம் மாத்துறீங்களேக்கா" என்றாள்
உதடு அசையாமல்.
சாயம் இன்னும் காயவில்லை.

கடற்காற்று வந்து நெற்றிச் சுருளைக் கலைத்தது.
ஜெல் போட்டு ஒட்டினேன்.
மறுபடி கலைத்தது.

"கண்ணைப் பாதி மூடு,
யாரோ உன்னை விட்டுட்டுப் போனமாதிரி."
"நிஜமாப் போனவங்களை நினைக்கலாமா, சார்?"
லியோன் அவசரமாகக் கேமராவுக்குள் போய்விட்டான்.
நான் தெர்மாக்கோலை இன்னும் கொஞ்சம்
அவள் பக்கம் சாய்த்தேன்.

எல்லாம் முடிந்து
தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தபோது
வலது மச்சம் வெளியே வந்தது.
இடதைத் துடைக்கக் கை நீட்டினேன்,
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு மச்சத்தோடு
வண்டியை உதைத்துக் கிளம்பினாள்,
சுடிதார் முதுகில்
எப்படியோ ஒரு மஞ்சள் கிளிப்.
கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.