மேற்குச் சுவர்

தாஸ்மேனியாவிலிருந்து கோமளவல்லி கேட்கிறாள்:
எட்டு அங்குலக் குழாயில்
எத்தனை வளைவு வைக்கலாம்,
புகை திரும்பி வராமல்?

நான் குளிரூட்டி பழுதுபார்ப்பவன்.
இருபத்து மூன்று வருடம்
இந்தத் தீவின் படுக்கையறைகளிலிருந்து
வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டியே பிழைத்தவன்.
என்னிடம் கேட்கிறாள்
அதை உள்ளே பிடித்துவைப்பது எப்படியென்று.

மூன்று, என்றேன். நாலாவது வேண்டாம்.

கைப்பேசியைத் திருப்பிக் காட்டுகிறாள்.
ஆப்பிள் மரத்தில் கழித்த சுள்ளிகள்
நின்றபடியே எரிகின்றன,
தலையில் அல்ல, காலில்.
தீ மேலே ஏறாமல்
படுத்துக்கொண்டு உள்ளே ஓடுகிறது.
செங்கல் தொண்டையில் ஓர் உறுமல்.
அதன்மேல் கவிழ்த்த எண்ணெய்ப் பீப்பாய்.
பிறகு குழாய்,
அவள் காலால் மிதித்துக் குழைத்த
களிமண் திண்டுக்குள் நீளமாக.
வெளியே வரும் புகையில் கை காட்டினால்
வெதுவெதுப்புத்தானாம்.
"மிச்சத்தை எல்லாம் மண்ணு குடிச்சிருது."

இருபதுக்குப் பதினாறு அடி வீடு.
இரண்டு மணி நேரம் எரித்தால்
விடியும்வரை போதும்.
காலுறையோடு திண்டில் படுத்திருக்கிறாள்.
அங்கே பதினொன்று, இங்கே ஒன்பது.

புக்கிட் பாத்தோக், பதினோராம் மாடி.
என் முதுகு மேற்குச் சுவரில்.
பிற்பகல் முழுதும் விறகில்லாமல் காய்ந்த காங்கிரீட்.
நான்கு மணி வெயில்
இப்போதுதான் இந்தப் பக்கம் வந்து சேர்கிறது,
பனியனைத் தாண்டி, தோளெலும்புவரை.
பக்கத்து வீட்டு ரோஸ்னா
மாவு பொங்குவதற்கு இந்தச் சுவரைக் கடன் கேட்பார்.
இன்றும் ஒரு பேசின் இருக்கிறது,
ஈரத்துணி போர்த்தி.

உன் திண்டு எவ்வளவு கனம்? என்றேன்.
இரண்டு டன் இருக்கும், என்றாள்.
என் சுவரை நிறுத்துப் பார்த்ததில்லை.

இந்த வீட்டை விற்றால் பாதி அவளுடையது.
ஆறு வருடமாக அதை நாங்கள் பேசவில்லை.
குழாய்களைப் பற்றிப் பேசுகிறோம்.
காப்பு, கசிவு, இழுவை.
போன மாதம்
சாம்பல் வாரும் மூடியைப் பற்றி
முக்கால் மணி நேரம்.

அவள் திரும்பிப் படுக்கிறாள்.
திரையில் கூரை மட்டும் தெரிகிறது,
அதில் ஒரு கரிக்கறை.

நாலாவது வளைவு வச்சிட்டேன், என்கிறாள்.

புகையுதா?

கொஞ்சம்.

துணிக்கு அடியில்
ரோஸ்னாவின் மாவு
பேசினின் விளிம்புக்கு வந்துவிட்டது.
எழுந்துபோய்க் கதவைத் தட்ட வேண்டும்.
இன்னும் சாய்ந்திருக்கிறேன்.