பத்துக் கஜத்துக்கு இரண்டு விரல்

மேற்கிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.
அணிக்கு அருங்காட்சியகம் கட்டுகிறார்களாம்.
தலைக்கவசம் இருக்கிறது, கோப்பை இருக்கிறது,
அளவுச் சங்கிலி மட்டும் இல்லையாம்.
தங்களிடம் இருப்பதாகக் கேள்வி, திரு. டெஷ்.

இருக்கிறது.
கராஜில், பனி வாரும் மண்வெட்டிக்குப் பின்னால்,
பெயின்ட் வாளிக்குள் சுருண்டு கிடக்கிறது.

முப்பத்தோரு வருஷம்
அதன் ஒரு முனையில் நான்,
மறுமுனையில் டியூயி கோவால்சிக்.
டிக்கெட் வாங்காமல் களத்துக்குள் நின்றோம்.
ஆட்டத்தைப் பார்த்தோம் என்று சொல்ல முடியாது.
பார்த்ததெல்லாம் புல், சுண்ணாம்புக் கோடு,
பந்தின் மூக்கு.

அவர்கள் எழுதும் வரலாறு இப்படித்தான் தொடங்கும்:
ஏரிக்கரை, ஹார்லன் பாயிண்ட், தோல் ஆலை.
ஆலையாட்கள் பதினெட்டுப் பேர் சேர்ந்து டேனர்ஸ்.
தாங்கள் பதனிட்ட தோலையே தலையில் கவிழ்த்துக்கொண்டு
ஞாயிறுதோறும் முட்டிக்கொண்டார்கள்.
நாற்றத்தை எழுத மாட்டார்கள்.
வெளியூர்க்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு
ஓரடி பின்வாங்கி நின்றானே,
அதுதான் எங்கள் முதல் தந்திரம்.

வேலை போன வருஷங்களில்
வாசலில் உருளைக்கிழங்கும் வாங்கினோம்.
மூட்டைக்கு இரண்டு இருக்கை.
ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமும் அதே மூட்டை.
சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பதை
எங்கள் ஆள்கள் வாராவாரம்
கணக்குப் பிசகாமல் நிரூபித்தார்கள்.

முப்பத்தெட்டில் ஒருநாள்
மலைபோன்ற ஸாட்கோ எங்கள் மேல் வந்து விழுந்தான்.
சங்கிலி அறுந்தது.
டியூயி கையுறையைப் பல்லால் கழற்றி,
நசுங்கிய கண்ணியைப் பனியில் எறிந்துவிட்டு,
மிச்சத்தைக் குறடால் கோத்தான்.
நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
ஆட்டம் தொடர்ந்தது.

நாற்பத்தெட்டு, டிசம்பர், எங்கள் மைதானம், இறுதி ஆட்டம்.
நான்காம் முயற்சி.
பந்தோடு கும்பலுக்குள் புகுந்தான் ரான்சம் டாலிவர்.
முந்தின வாரம்தான்
கறுப்பனுக்குக் கட்டில் இல்லை என்றது ஓர் ஓட்டல்.
பேருந்திலேயே கோட்டைப் போர்த்திப் படுத்தான்,
மறுநாள் எழுந்து நூற்றுப்பத்துக் கஜம் ஓடினான்.
இன்று ஆறு பேரைப் புரட்டி அவனை எடுத்தபோது
பந்து வயிற்றோடு ஒட்டியிருந்தது.
எங்களைக் கூப்பிட்டார்கள்.
இழுத்துப் பிடித்தோம்.
கம்பத்தைத் தாண்டி
ஒரே ஒரு விரல்.

அன்றிரவு ஊரில் யாரும் தூங்கவில்லை.
எங்களுக்கென்று இருந்தது அந்த ஒரு கோப்பைதான்.

அறுபத்தொன்றில் முதலாளியின் மகன்
அணியை வெயில் ஊருக்கு விற்றான்.
விடியுமுன் லாரிகள் வந்தன.
பெயரை மாற்றினார்கள், நிறத்தை மாற்றினார்கள்,
நாற்பத்தெட்டை மட்டும் தங்கள் கணக்கில் வைத்துக்கொண்டார்கள்.

நேற்றிரவு ஹெட்விக்கும் நானும்
சமையலறை தொடங்கிக் கூடம் முடிய
சங்கிலியை விரித்தோம். துரு துடைக்கத்தான்.
என்ன தோன்றியதோ, தையல் டேப்பை எடுத்து வந்தாள்.
இரண்டு தடவை அளந்தாள்.
மூன்றாம் தடவை நான்.

முப்பது அடிக்கு
இரண்டு விரல் குறைவு.

எதிராளிக்கும் அதே சங்கிலிதானே என்கிறாள்.
நியாயம்தான்.
அந்த நான்காம் முயற்சி எதிராளியுடையது இல்லையே.

டியூயி இருந்தால் இருமலோடு சிரித்திருப்பான்.
டாலிவர் மகள் டெட்ராய்டிலிருந்து
கிறிஸ்துமஸுக்கு இன்னும் அட்டை போடுகிறாள்.
அவளிடம் என்ன சொல்ல?
உன் அப்பன் ஓட்டத்தில் குறை இல்லை அம்மா,
இரும்பில்தான் என்றா?

பதில் எழுத உட்கார்ந்தேன்.
"அன்புள்ள ஐயா" வரை வந்திருக்கிறது.
சங்கிலி இன்னும் கூடத்தில்தான் கிடக்கிறது.
காபி எடுக்கப் போகும்போதெல்லாம்
தாண்டித் தாண்டிப் போகிறேன்.