இழப்புகள்: இரண்டு பத்திகள்

ஃபாரோ தீவில் பிப்ரவரி.
பத்தொன்பது வருடத்துக்கு ஒருமுறை
ஓதம் அடிமட்டம் தொடும் நாளில் புதுப்பிக்க வேண்டும்.
ஊராட்சி எழுத்தர் நான்;
குறிப்பேடும் ஃபிளாஸ்க்கும் என் பொறுப்பு.

கடலார் ஏழு பேர் வந்தார்கள்.
சீல் தோலைக் கழற்றி, மடித்து,
மடியிலேயே வைத்துக்கொண்டார்கள்.
எங்கள் பக்கம் ஹைனி:
சால்மன் கூண்டுகளின் முதலாளி,
தடியால் அடித்தவர்களின் பேரன்.

ஒன்று: தோலைப் பெட்டியில் பூட்டக் கூடாது.
இரண்டு: வலையைக் கிழிக்கக் கூடாது.
மூன்றில் வழக்கம்போல் தகராறு,
எத்தனை மீன் வரை பசி,
எத்தனைக்கு மேல் திருட்டு என்று.

பிறகு தங்கள் இறந்தோரை வாசித்தார்கள்.
தாளில்லை. ஒரு மூச்சுக்கு நாற்பது பெயர்.
ஹைனி கடிகாரம் பார்த்தான்.
நீர் ஏறத் தொடங்கியிருந்தது,
என் பூட்ஸுக்குள்ளும்.

கடைசிப் பெயர்: யெக்வன். வயது பன்னிரண்டு.

"அவன் என் தம்பி," என்றான் ஹைனி.
"உங்கள் கணக்கில் எப்படி?"

"படகு கவிழ்ந்த இரவு
கரைவரை தூக்கி வந்தோம்," என்றாள் ஒருத்தி.
"கரையில் விளக்கோடு ஆட்கள்.
கையில் இருந்தது துடுப்பா, தடியா, தெரியவில்லை.
நின்றுவிட்டோம்.
கொஞ்ச நேரம்தான்."

அலை மூன்று முறை வந்து போயிற்று.
மூன்றாவது ஷரத்தில் எண் போடாதே
என்றான் ஹைனி, என்னைப் பார்க்காமல்.
ஈரப் பாறையில் உள்ளங்கையை அழுத்தினான்.
அவர்களும் அழுத்தினார்கள்.

குறிப்பேட்டில் எங்கள் பத்தி, அவர்கள் பத்தி.
யெக்வனை நடுக்கோட்டின் மேலேயே எழுதினேன்.
மேலதிகாரி கேட்டால் பேனா வழுக்கிற்று என்பேன்.

ஃபிளாஸ்க்கில் காபி மீதி இருந்தது.
அந்தப் பெண் கேட்டு வாங்கி
ஒரு வாய் குடித்தாள்,
முகம் சுளித்தாள்,
இன்னொரு வாய் குடித்தாள்.
தோல் அவள் பக்கத்தில், பாறைமேல் கிடந்தது.